குடும்ப வன்முறையைப் படமெடுப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி: கேமராவுக்கு முன்பும் பின்பும்

வீட்டுக்குள் அடிபடும் பெண்களின் வாழ்க்கையைப் படமெடுக்க நினைக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள், ஆவணப் படம் எடுப்பவர்கள், இதழியல் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கேமரா நன்றாகவே தெரிந்திருக்கிறது. அவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். படத்தை எடுத்துவிட்டுச் சம்மதம் கேட்கிறார்கள். சம்மதம் வாங்கிவிட்டு, படம் எங்கே வரும் என்று பிறகு யோசிக்கிறார்கள். வெளியான பிறகு, அந்தப் பெண் அன்றிரவு எங்கே தூங்குவார் என்று கவலைப்படுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும்.

நீங்கள் எடுக்கும் படத்தை முதலில் பார்க்கப்போகிறவர் ஆசிரியரோ வாசகரோ அல்ல, அந்தப் பெண்ணை அடித்த ஆள்தான் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இதிலிருந்துதான் வருகிறது.

1. ஆதாரப் படமா, செய்திப் படமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டும் வேறு வேறு வேலை. ஆதாரப் படத்தில் ஆள் யார், காயம் எங்கே, எப்போது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். அதைப் பார்க்கப்போகிறவர்கள் மருத்துவர், காவல்துறை, நீதிமன்றம். செய்திப் படத்தில் ஆள் யார் என்பதே தெரியக்கூடாது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே மெமரி கார்டில் எடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. முகம் தெரியும் காயப் படம் அலுவலகக் கணினிக்குப் போய்விட்டால், பக்கம் வடிவமைப்பவர் நல்லெண்ணத்தோடுதான் அதை எடுத்துப் போடுவார்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஆதாரம் தேவை என்றால் உங்கள் கட்டுரையை ஒத்திவையுங்கள். அவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் முதல் வேலை. அங்கே பதிவாகும் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது எல்லோரும் சொல்லும் ஏ.ஆர். காப்பி, உங்கள் படத்தைவிடக் கனமான சான்று. பயத்தில் பலர் அங்கே "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது அப்படியே பதிவாகி, பிறகு வழக்கில் அவருக்கு எதிராகவே வந்து நிற்கும். யார் அடித்தது, எதனால் அடித்தது என்று சொல்லலாம் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

காயத்தைப் படமெடுக்கச் சொல்லி அவரே கேட்டால், மூன்று தூரத்தில் எடுங்கள்: முழு உருவம், காயம் உள்ள உறுப்பு, காயம் மட்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். ஃப்ளாஷ் நேராக விழுந்தால் தோல் வெளுத்து, கன்றிய நிறம் காணாமல் போகும். ஜன்னல் வெளிச்சம் போதும். கன்றிப்போன இடம் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கருத்துத் தெரியும் என்பதால், மறுபடியும் எடுங்கள். நிறம், வெளிச்சம் எதையும் திருத்தாதீர்கள்.

இந்தக் கோப்பை நீதிமன்றத்தில் வைக்க, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். எடுத்தவர் நீங்கள் என்பதால் சாட்சி சொல்ல உங்களையும் கூப்பிடலாம். அதற்குத் தயாரில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் கைவிட்டால் அவருக்குத்தான் நட்டம்.

2. போவதற்கு முன்பே உதவி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெண்கள் உதவி எண் 181. அவசரத்துக்கு 112. குழந்தைகளுக்கு 1098. இவை கைப்பேசியில் மட்டுமல்ல, மனத்திலும் இருக்க வேண்டும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் ஒருங்கிணைந்த சேவை மையம் உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது, இரவில் அங்கே போனால் யார் கதவைத் திறப்பார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும். நடந்த வன்முறையைப் பதிவுசெய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கையைத் தயாரித்து நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் வேலை. அவர் பெயரும் எண்ணும் கையில் இருக்கட்டும்.

காரணம் எளிமையானது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 அறிக்கைப்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டுப் போனவர்கள் 14 சதவீதம்தான். பெரும்பாலோர் யாரிடமும் வாய் திறந்ததே இல்லை. அவர் முதன்முதலாகப் பேசும் ஆள் நீங்களாக இருக்கலாம். அந்த நேரத்தில் இணையத்தில் எண் தேடிக்கொண்டிருப்பது அவமரியாதை.

3. நேராக வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்

பெண்கள் அமைப்பு, வழக்கறிஞர், மனநல ஆலோசகர் என யாராவது ஒருவர் வழியாக மட்டுமே அணுகுங்கள். பக்கத்து வீட்டில் விசாரித்தால் மாலைக்குள் செய்தி கணவன் காதுக்குப் போய்விடும். காவல் நிலைய வாசலிலும் மருத்துவமனை வார்டிலும் போய்ச் சம்மதம் கேட்கக் கூடாது. அங்கே இருப்பவர் எதற்கும் தலையாட்டும் நிலையில் இருப்பார்.

எப்போது, எப்படி அழைப்பது என்பதை அவரே சொல்லட்டும். அவர் கைப்பேசியைக் கணவன் எடுத்துப் பார்ப்பதுண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் எதுவும் வேண்டாம். அழைப்புப் பட்டியலும் அவன் கண்ணில் படும். சுயஉதவிக் குழுக் கூட்டத்திலோ தையல் கடையிலோ சந்திப்பது பலருக்கு வசதி. வெளியே போகக் காரணம் சொல்லத் தேவையில்லாத இடம் அது.

4. சம்மதம்: ஒரு கையெழுத்து போதாது

படிவத்தில் கையெழுத்து வாங்குவது உங்கள் நிறுவனத்தைப் பாதுகாக்கும். அவரைப் பாதுகாப்பது வேறு. குறைந்தது மூன்று முறை கேட்க வேண்டும்: கேமரா இல்லாமல் முதல் சந்திப்பில், படமெடுக்கும் நாளில், படங்களைப் பார்த்த பிறகு. மூன்றாவதுதான் உண்மையான சம்மதம். தன் படம் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் ஒருவர் அதற்கு எப்படி ஒப்புக்கொள்ள முடியும்?

என்ன கேட்கிறோம் என்பது முக்கியம். "படம் போடலாமாக்கா?" என்று கேட்டால் "போடுங்க தம்பி" என்று வரும். வெளியூரிலிருந்து வந்தவர் கேட்கிறார், மறுத்தால் தப்பாகிவிடும் என்ற தயக்கம் அதில் இருக்கும். நாங்கள் கேட்பது இப்படி:

"அக்கா, இந்தப் படத்த உங்க வீட்டுக்காரர் பாத்துட்டார்னு வெச்சுக்குங்க. அன்னிக்கு ராத்திரி எங்க இருப்பீங்க?"

இதைக் கேட்டதும் பேச்சு வேறு இடத்துக்குப் போகும். சிலர் உடனே "அம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்பார்கள். அம்மா வீட்டுக்காரர்களுக்கு இது தெரியுமா என்று அடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். சிலர் நெடுநேரம் பேசாமல் இருப்பார்கள். ஒருவர் தாலிக்கயிற்றைக் கையால் நெருடிக்கொண்டே இருந்துவிட்டு, "கையை மட்டும் எடுத்துக்கங்க, வளையலைக் கழட்டிடறேன். அது அவர் வாங்கிக் குடுத்தது, பாத்தா தெரியும்" என்றார். எந்த விதிப் புத்தகமும் சொல்லாத பாதுகாப்பு விவரம் அது. தன் ஆபத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. நம் வேலை அவர் யோசிக்க நேரம் தருவது.

சொல்லியே ஆக வேண்டியவை இன்னும் சில. அச்சில் வந்ததைத் திரும்பப் பெற முடியாது. இணையத்தில் வந்ததை நம் தளத்திலிருந்து நீக்கலாம், மற்றவர் எடுத்துவைத்த நகலை நீக்க முடியாது. எந்தத் தேதிவரை மனம் மாறலாம் என்பதைச் சொல்லி, அதுவரை அவரை எப்படித் தொடர்புகொள்வது என்றும் பேசிக்கொள்ளுங்கள். "இது வந்தா உங்களுக்கு நியாயம் கெடைக்கும்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். கிடைக்காமல் போனால் அதன் விலையையும் அவர்தான் கொடுப்பார்.

கணவனிடமும் சம்மதம் வாங்க வேண்டாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இருவரும் சேர்ந்து வாழும் வீட்டில், இருவரையும் அடையாளம் தெரியும்படி எடுக்கிறீர்கள் என்றால் வேண்டும். ஆனால் அதைக் கேட்பதே அந்தப் பெண்ணுக்கு ஆபத்து என்றால் அந்த வகைப் படமே வேண்டாம்.

5. முகத்தை மறைப்பது எடுக்கும்போதே நடக்க வேண்டும்

எடுத்துவிட்டுப் பிறகு மங்கலாக்கிக்கொள்ளலாம் என்பது சோம்பேறித்தனம். மங்கலாக்காத மூலப்படம் எங்கோ ஒரு கணினியில் இருந்துகொண்டே இருக்கும். மங்கலும் பலமுறை போதாது. தெரிந்தவர்களுக்குத் தோள் சாய்வும் கொண்டையும் போதும், ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

நிழலுருவப் படத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்து எடுத்தால் திரையில் முகம் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் கோப்பில் விவரம் மிச்சமிருக்கும். கைப்பேசிச் செயலியில் நிழல் பகுதியின் வெளிச்சத்தைக் கூட்டினால் மூக்குத்திகூட வெளியே வரும். வெளியிடும் நகலில் கறுப்பை முழுக் கறுப்பாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்துச் சோதித்த பிறகே அனுப்புங்கள்.

அடுத்தது பின்னணி. புதியவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து மறைத்துவிட்டுச் சுவரை மறந்துவிடுகிறார்கள். பயிற்சிக்கு வந்த ஒருவர் எடுத்த படம் நினைவில் இருக்கிறது. ஒரு பெண் முதுகைக் காட்டி அடுப்படியில் நிற்கிறார். அழகான படம். அலமாரியில் எவர்சில்வர் பாத்திரங்கள் வரிசையாக இருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு தவலையின் விளிம்பில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், கல்யாணத் தேதி மூன்றும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் படத்தைப் பயன்படுத்தவில்லை.

பாத்திரத்தில் வெட்டிய பெயர், பீரோக் கண்ணாடியில் விழும் முகம், மளிகைக்கடைப் பெயர் போட்ட நாள்காட்டி, மின்வாரிய இணைப்பு எண், பிள்ளையின் பள்ளிச் சீருடை, கையில் குத்திய பச்சை, ஜன்னலுக்கு வெளியே ஊராட்சிப் பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி: இவை ஒவ்வொன்றும் ஒரு முகவரி. அங்கேயே, அவரையும் கூடவைத்துக்கொண்டு, கேமராத் திரையில் நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

முகம் இல்லாமல் என்ன எடுப்பது? அந்த வீட்டில் வன்முறை எதைத் தொட்டிருக்கிறதோ அதை. உடைந்த தாழ்ப்பாள், திரை நொறுங்கிய கைப்பேசி, இரவில் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் அரைக்கல், அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்த சான்றிதழ் உறை. இவை இரண்டாந்தரப் படங்கள் அல்ல. ஓங்கிய கையும் மூலையில் சுருண்ட பெண்ணுமாக எங்கும் காணும் அந்த நடிப்புப் படத்தைவிட எவ்வளவோ மேல். அந்த நடிப்புப் படம் இன்னொரு கேடும் செய்கிறது. ரத்தம் வந்தால்தான் வன்முறை என்று நம்பவைத்துவிடுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சொல்லால், பணத்தால், பாலியலால் செய்யும் கொடுமையையும் 2005 சட்டம் குடும்ப வன்முறை என்றே வரையறுக்கிறது.

6. கண்ணெதிரே அடி விழுந்தால்

இதை அந்த நிமிடத்தில் முடிவு செய்ய முடியாது. முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். உலகம் அறிந்த இரண்டு நிகழ்வுகளை இதற்காக மாணவர்களிடம் விவாதிப்பேன்.

1982இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோனா ஃபெராட்டோ, வேறொரு வேலைக்காக ஒரு வசதியான தம்பதியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். கணவன் கையை ஓங்கியபோது, கேமரா முன்னால் அடிக்க மாட்டான் என்று எண்ணி ஷட்டரை அழுத்தினார். அவன் அடித்தான். மறுபடி ஓங்கியபோது ஃபெராட்டோ அவன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

2012 நவம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் புகைப்படக்காரர் சாரா நவோமி லெவ்கோவிச் இருந்த வீட்டில் ஓர் ஆண் தன் துணைவியைத் தாக்கினான். லெவ்கோவிச்சின் கைப்பேசி அவன் உடைப் பையில் இருந்தது. அதை எடுத்து வீட்டிலிருந்த இன்னொருவரிடம் கொடுத்துக் காவல்துறையை அழைக்கச் செய்துவிட்டுப் படமெடுப்பதைத் தொடர்ந்தார். 2013இல் டைம் இதழ் வழியே படங்கள் வெளிவந்தபோது, ஏன் குறுக்கே விழுந்து தடுக்கவில்லை என்று பலர் அவரைத் திட்டினார்கள்.

என் கருத்து இது: அழைப்பை முதலில் செய்த அந்த வரிசை சரி. ஆனால் நம் கைப்பேசி நம் கையில் இருந்திருக்க வேண்டும். அதனால் எங்கள் விதிகள்: தனியாகப் போகக் கூடாது. கைப்பேசியை யாருக்கும் இரவல் தரக் கூடாது. அடி விழுந்தால் முதலில் 112, பிறகு குழந்தைகளை வெளியே கொண்டுபோவது, பிறகு சத்தம் போட்டு அக்கம்பக்கத்தாரை வரவைப்பது. கேமரா அதற்கும் பிறகு. உடல் வலுவில் உங்களால் தடுக்க முடியுமென்றால் தடுங்கள், ஆனால் அதை வீரமாக நினைத்து ஆயுதத்துக்கு எதிரே போகாதீர்கள்.

கேமராவைக் கண்டால் அவன் அடங்குவான் என்று நம்பவே கூடாது. ஃபெராட்டோவின் படம் அதற்குச் சாட்சி. "எல்லாத்தையும் படம் எடுத்துட்டேன், பாத்துக்க" என்று மிரட்டிவிட்டு வருவது அதைவிட மோசம். நீங்கள் கிளம்பியதும் அதற்கான தண்டனை அந்தப் பெண்ணுக்கு விழும். காவல்துறையோ உறவினரோ வந்து சேரும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.

7. குழந்தைகள்

ஒஹாயோ படங்களில் ஒரு சின்னக் குழந்தையும் தெரிகிறது. அத்தகைய படத்தை இந்தியாவில் அப்படியே வெளியிட முடியாது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, குற்றத்துக்கு ஆளான அல்லது சாட்சியான குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். தாய் சம்மதித்தாலும் எங்கள் குழுவில் வெளியிடுவதில்லை. தாய் முகம் தெரிந்தால் பிள்ளையும் தெரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாலியல் குற்றம் சேர்ந்த வழக்கில் அந்தப் பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதும் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றம்.

8. அன்றிரவு கோப்புகளை என்ன செய்வது

கிளம்புவதற்கு முன்பே கேமராவின் ஜிபிஎஸ்ஸையும் கைப்பேசியின் தானியங்கிச் சேமிப்பையும் அணைத்திருக்க வேண்டும். குடும்பத்தோடு பகிரும் இணையக் கணக்குக்குப் படம் போய்விட்டால், உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில்கூட அது ஓடும்.

ஆதாரக் கோப்பும் வெளியீட்டுக் கோப்பும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். ஆதாரக் கோப்பில் தேதி, நேரம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரமும் குறையும், அந்தத் தகவலும் போய்விடும். மூலக் கோப்பை வழக்கறிஞரிடம் நேரில் கொடுங்கள். வெளியீட்டுக் கோப்பிலோ அந்தத் தகவல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. டாக்குமென்டாக அனுப்பினால் இடக்குறிப்பும் சேர்ந்தே போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெட்டிச் சிறிதாக்கிய படத்துக்குள் வெட்டாத படத்தின் சிறு முன்தோற்றம் (thumbnail) ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. புதிய கோப்பாக ஏற்றுமதி செய்து, தகவல்களை நீக்கி, வேறொரு கணினியில் திறந்து சரிபாருங்கள்.

கோப்புக்கு அவர் பெயரை வைக்காதீர்கள். எண் வையுங்கள். எந்த எண் யாருக்கு என்பது ஒரு தாளில், பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

9. படத்துக்கு அடியில் எழுதும் வரி

நன்றாக மறைத்து எடுத்த படத்தை விளக்கவரி காட்டிக்கொடுத்துவிடும். "நகராட்சிப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக இருக்கும், மூன்று பெண் குழந்தைகளின் தாய்" என்று எழுதினால் அந்த ஊரில் அது ஒரே ஒருவர்தான். வேலை, ஊர், பிள்ளைகள் எண்ணிக்கை, சாதி, வயது ஆகியவற்றில் எத்தனை சேர்ந்தால் ஆள் தெரியும் என்று அவரிடமே கேளுங்கள். பெயர் மாற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள். மாற்றுப் பெயரை அவர் தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் சூட்டும் பெயர் அவர் நாத்தனார் பெயராக இருந்துவிடலாம்.

"குடும்பத் தகராறு" என்று எழுதாதீர்கள். தகராறுக்கு இரண்டு பக்கம் வேண்டும். "குடிபோதையில்", "காதல் திருமணம் செய்த" போன்ற அடைகளும் காரணத்தை வேறெங்கோ கொண்டுபோய் வைக்கின்றன. யார் யாரை அடித்தார் என்று செய்வினையில் எழுதுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் "குற்றச்சாட்டு" என்ற சொல் இருக்க வேண்டும். ஆசிரியர் தலைப்பை மாற்றினால் உங்களிடம் காட்ட வேண்டும் என்று முன்பே எழுதி வாங்குங்கள். இதைப் பார்க்கும் பெண்களில் பலர் அதே நிலையில் இருப்பவர்கள் என்பதால், படத்துக்கு அடியிலேயே 181 என்ற எண் வரட்டும்.

10. வெளியான பிறகு

வெளியாகும் நாளை அவருக்கு முன்கூட்டியே, ஒப்புக்கொண்ட வழியில் சொல்லுங்கள். தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் கைப்பேசியில் தன் கையைப் பார்ப்பது கொடுமை. பண்டிகை நாள், அவர் நீதிமன்றம் போகும் நாள் வேண்டாம். கருத்துப் பெட்டியை மூடச் சொல்லுங்கள். "இவ என்ன பண்ணாளோ" என்று முதல் ஆள் எழுதாமல் இருக்க மாட்டான், அதை அவர் படிப்பார். முதல் சில நாள்கள் ஆலோசகர் வழியாக விசாரித்துக்கொண்டே இருங்கள். அச்சுப் பிரதியை அன்பளிப்பாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

போட்டி, கண்காட்சி, நூல், சமூக ஊடகம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சம்மதம் தேவை. பத்திரிகைக்குச் சரி என்றவர் ஊர்க் கண்காட்சியில் ஆளுயரப் படமாகத் தொங்குவதற்குச் சரி என்று சொல்லவில்லை. பரிசுத் தொகை வந்தால் அவருக்கு ஏதாவது தரலாமா என்று கேட்கிறார்கள். முன்கூட்டிப் பணம் பேசினால் சம்மதம் கெட்டுவிடும், வழக்கிலும் அது கேள்வியாகும். பிறகு தர மனமிருந்தால் அவருக்கு உதவிய அமைப்பு வழியாகச் செய்யுங்கள்.

இந்த வேலையைத் தொடர்ந்து செய்கிறவர்களுக்குத் தூக்கம் கெடும், சின்னச் சத்தத்துக்கும் பதறும். அதைத் தொழில்முறை ஆலோசகரிடம் பேசுங்கள். அந்தப் பெண்ணிடம் பேசாதீர்கள்.

கடைசியாக, கோப்புகளுக்கு ஒரு முடிவுத் தேதி வையுங்கள். வழக்குக்கான மூலப்படம் மேல்முறையீடு முடியும்வரை இருக்கட்டும். பயன்படுத்தாத மற்றவற்றை, கட்டுரை வெளியான சில மாதங்களில், அவரிடம் சொல்லிவிட்டு அழியுங்கள். கேமரா கார்டு, கணினி, வெளி வன்தட்டு, இணையச் சேமிப்பு, ஆசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சல் இணைப்பு என ஐந்து இடத்திலும் பாருங்கள். மின்னஞ்சலைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.